டயலில் யார் பெயர்?

1983 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை இரவு. ஜெருசலேமில் எல்.ஏ. மேயர் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் அலாரம் பழுதாகிக் கிடந்தது. கம்பிகளை ஜாக்கியால் வளைத்து, ஒடுங்கிய ஜன்னல் ஒன்றின் வழியே உள்ளே நுழைந்த நாமான் டில்லர் என்ற திருடன் 106 கடிகாரங்களை அள்ளிக்கொண்டு போனான். அவற்றில் ஒன்று கடிகார உலகமே பெயர் சொல்லி அறிந்தது: பிரெகே எண் 160. பிரான்ஸ் அரசி மேரி அந்துவானெத்துக்காக 1783-இல் சொல்லிவைத்த பாக்கெட் கடிகாரம். செலவுக்கும் காலத்துக்கும் வரம்பு இல்லை, அன்றுவரை தெரிந்த வித்தைகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. வேலை இழுத்துக்கொண்டே போனது. 1793-இல் அரசியின் தலை கில்லட்டினில் விழுந்தது. 1823-இல் செய்தவரான ஆபிரகாம் லூயி பிரெகேயும் போய்ச் சேர்ந்தார். கடிகாரம் முடிந்தது 1827-இல்.

திருட்டுப் போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் துப்பு இல்லை. பிரெகே என்ற பெயரை 1999-இல் வாங்கியிருந்த ஸ்வாட்ச் குழுமத்தின் தலைவர் நிக்கோலாஸ் ஹயெக் ஒரு முடிவுக்கு வந்தார். அசல் கிடைக்காவிட்டால் என்ன, இன்னொன்று செய்துவிடலாம். கண்முன்னே மாதிரி இல்லாமல், பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் மட்டுமே வைத்துக்கொண்டு அவருடைய ஆட்கள் 823 பாகங்களைச் செய்து கோத்தார்கள். வெர்சாய் தோட்டத்தில் அரசிக்குப் பிடித்ததாகச் சொல்லப்படும் ஓக் மரம் பட்டுப்போய் வெட்டப்பட்டபோது, அதன் கட்டையில் பெட்டி செய்தார்கள். வேலை முடியும் தறுவாயில், 2007 நவம்பரில், அசலே திரும்பி வந்த செய்தி வெளியானது. டில்லர் சாகும் முன் மனைவியிடம் உண்மையைச் சொல்லியிருந்தான். அவர் ஒரு வழக்கறிஞர் மூலம் அருங்காட்சியகத்தோடு பேரம் பேசியிருந்தார். 2008-இல் பாசல் கண்காட்சியில் ஹயெக் தன் நகலை 1160 என்ற எண்ணோடு காட்டினார். உலகத்தில் யாரும் அதைப் போலி என்று சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? செய்தவர் இறந்து 185 ஆண்டுகள் ஆகிவிட்டன. வடிவம் அவருடையது, யோசனை அவருடையது, கைகள் மட்டும் வேறு. ஹயெக்கிடம் இருந்ததெல்லாம் டயலில் ‘பிரெகே’ என்று எழுதிக்கொள்ளும் உரிமை ஒன்றுதான். அந்த உரிமை இல்லாத ஒருவர் இதே வேலையை இதே சுத்தத்தோடு செய்திருந்தால் போலீஸ் வந்திருக்கும். இன்று உலகெங்கும் வீட்டு மேசையில் உட்கார்ந்து பழைய கைக்கடிகாரங்களின் நகலைக் கட்டிச் சேர்க்கிற பொழுதுபோக்காளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய சங்கடமும் பெருமையும் டயலில் ஏறும் அந்தச் சில எழுத்துகளில்தான் இருக்கின்றன. கடிகாரத் தொழிலில் இயந்திரத்தை எல்லாரும் எல்லாரிடமிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். அடிதடி நடந்ததெல்லாம் பெயருக்காக. முந்நூறு ஆண்டுக் கதை அது.

1698-இல் இங்கிலாந்தின் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. உள்ளே இயந்திரம் இல்லாத வெற்றுக் கூடுகளையும் டயல்களையும் இனி வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது; ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கடிகாரத்திலும் செய்தவரின் பெயரும் ஊரும் பொறித்திருக்க வேண்டும். காரணத்தையும் சட்டமே ஒளிக்காமல் சொன்னது: லண்டன் கூடுகளை வாங்கி, மட்டமான இயந்திரத்தைத் திணித்து, லண்டன்காரர் பெயரைப் பொறித்து, அங்கே விற்கிறார்கள். அந்தக் காலத்தில் லண்டன் பெயருக்கு இருந்த மதிப்பு அப்படி. தாமஸ் டாம்பியனைப் பற்றி ஒரு கதை உண்டு. யாரோ ஒருவர் டாம்பியன் பெயர் பொறித்த கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தாராம். அது தன் கைவேலை இல்லை என்று கண்ட டாம்பியன், சுத்தியலால் அதை நொறுக்கிவிட்டு, இதோ என் கடிகாரம் என்று வேறொன்றை எடுத்துக் கொடுத்தாராம். நடந்ததோ இல்லையோ, டாம்பியன் காலத்திலேயே அவர் பெயர் திருடப்பட்டது என்பதை இந்தக் கதை காட்டிக்கொடுக்கிறது.

சட்டம் வந்ததால் திருட்டு நிற்கவில்லை. பெயர் கட்டாயமானதும் பெயரின் விலை ஏறியது. விலை ஏறினால் போலி பெருகும். பதினெட்டாம் நூற்றாண்டு முழுக்க ‘வில்டர், லண்டன்’, ‘சாம்சன், லண்டன்’, ‘டார்ட்ஸ், லண்டன்’ என்று பெயர் தாங்கிய பாக்கெட் கடிகாரங்கள் ஐரோப்பாவில் குவிந்தன. ‘டச்சுப் போலிகள்’ என்று சேகரிப்பாளர்கள் இவற்றை அழைக்கிறார்கள். டயலில் நிமிடக் கோடு நேர்வட்டமாக ஓடாமல் வளைவு வளைவாகத் தோரணம் கட்டியிருக்கும். அது ஹாலந்துக்காரர்களின் ரசனை, லண்டன் வழக்கம் இல்லை. பின்மூடியைத் திறந்தால் இன்னொரு சாட்சி கிடைக்கும். அசைந்தாடும் சமநிலைச் சக்கரத்தின் மேல் மூடியாக நிற்கும் தகட்டை ஆங்கிலேயர் ஒரே காலில் நிறுத்துவார்கள். இவற்றிலோ பாலம் போல இரண்டு பக்கமும் திருகாணி இருக்கும். வில்டர் என்று ஒருவர் இருந்தாரா என்பதே சந்தேகம். பிரிட்டனின் கடிகாரக் கலைஞர் ரெபெக்கா ஸ்ட்ரதர்ஸ் தம் முனைவர் பட்ட ஆய்வையே இந்தப் போலிகளுக்காகச் செலவிட்டார். டச்சு என்று பெயர் வாங்கிக்கொண்டாலும் தடயங்கள் அவரை ஸ்விட்சர்லாந்துப் பக்கம்தான் இழுத்தன.

பெயரைக் காப்பாற்ற பிரெகே செய்த தந்திரம் இன்னும் நுட்பமானது. 1795 வாக்கில் அவர் டயலில் ரகசியக் கையெழுத்துப் போடத் தொடங்கினார். எனாமல் பூச்சில், பன்னிரண்டாம் எண்ணுக்கு அருகே, கண்ணுக்கு நேராகப் பிடித்தால் தெரியாத அளவுக்கு மெல்லிய கீறல். சாய்த்துப் பிடித்து வெளிச்சம் விழுந்தால் மட்டும் ‘பிரெகே’ என்று எழும். பெரிய எழுத்தைச் சுருக்கி வரையும் ஒரு கருவியின் உதவியோடு அது பொறிக்கப்பட்டது. போலிக்காரர்கள் அதையும் பழகிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். இன்றைக்குப் பழங்கடிகார ஏலங்களில் ‘பிரெகே, பாரிஸ்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருப்பதைக் கண்டால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் சந்தேகப்படுகிறார்கள்.

ஸ்விஸ் கைகளுக்குப் பெயர்த் திருட்டு ஏன் இவ்வளவு எளிதாக வந்தது என்பதை அறிய அங்கே தொழில் நடந்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஜூரா மலைக் கிராமங்களில் ஒரு வீட்டில் பல்சக்கரம் வெட்டுவார்கள், அடுத்த வீட்டில் முள் செய்வார்கள், பள்ளத்தாக்கின் மறுமுனையில் டயலுக்கு எனாமல் ஏற்றுவார்கள். இவற்றையெல்லாம் வாங்கி, கோத்து, ஓடவிட்டு, பெட்டியில் வைப்பவர் ஒருவர். கடைசியில் டயலில் ஏறும் பெயர் அவருடையதாக இருக்கலாம். விற்கும் கடையுடையதாகவும் இருக்கலாம். சென்னை மவுண்ட் ரோடில் 1879-இல் கட்டடக் கலைஞர் சிசோம் வரைந்து கொடுத்த கட்டடத்தில் கடை நடத்திய பி. ஆர் அண்ட் சன்ஸ், ஐரோப்பாவிலிருந்து வந்த கடிகாரங்களைத் தன் பெயரையே டயலில் பொறித்து விற்றது. வாங்கிய ஜமீன்தார்களும் வக்கீல்களும் அதை ஏமாற்று என்று நினைக்கவில்லை. கடைக்காரர் பெயர்தான் உத்தரவாதம். பெயர் என்பது கடைசியாக ஒட்டுகிற சரக்கு என்று ஊறிப்போன ஒரு தொழிலில், யார் பெயரை ஒட்டுவது என்ற கேள்வி மட்டுமே மிச்சம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கா இந்த ஏற்பாட்டுக்கு வேட்டு வைத்தது. ஆரன் டென்னிசன் முதலானோர் 1850-இல் மாசசூசெட்சில் தொடங்கிய தொழிற்சாலை, பின்னர் வால்தம் ஊரில் வேரூன்றி, துப்பாக்கி செய்வது போலக் கடிகாரம் செய்தது. ஒரு கடிகாரத்தின் சக்கரத்தைக் கழற்றி இன்னொன்றில் போட்டால் பொருந்தும். 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த லோன்ஜின் நிறுவனத்தின் பொறியாளர் ஜாக் தாவீத், அடுத்த ஜனவரியில் தன் நாட்டுக்காரர்களுக்கு ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். விழித்துக்கொள்ளாவிட்டால் நாம் காலி என்பது அதன் சாரம். சிலர் விழித்துக்கொண்டு இயந்திரங்கள் வாங்கினார்கள். சிலர் குறுக்கு வழியில் விழித்துக்கொண்டார்கள். ஓஹையோ மாநிலத்தின் ஹாம்டன் நிறுவனம் பிரபலமா? ‘ஹாம்ப்டன்’ என்று டயலில் எழுது. ராக்ஃபோர்ட் விற்கிறதா? ‘ராக்ஃபோர்ட்’டின் கடைசி எழுத்தை மட்டும் மாற்று. சட்டத்தின் கையிலிருந்து நழுவும் அளவுக்கு வித்தியாசம், வாங்குகிறவன் கண்ணுக்குத் தப்பும் அளவுக்கு ஒற்றுமை. இவற்றை ‘ஸ்விஸ் ஃபேக்’ என்று தனி ரகமாகவே இன்று அமெரிக்காவில் சேகரிக்கிறார்கள். போலிக்கு நூறு வயதானால் அதுவும் பழம்பொருள்தான் போலிருக்கிறது.

ஹாம்டன் கதை அதோடு முடியவில்லை. 1930-இல் அந்தத் தொழிற்சாலையின் இயந்திரங்கள் முழுவதையும் சோவியத் அரசு விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியது. பழகிய தொழிலாளர்கள் இருபத்தொரு பேர் கற்றுக்கொடுக்கக் கூடவே மாஸ்கோ போனார்கள். முதலாம் மாஸ்கோ கடிகாரத் தொழிற்சாலை பிறந்தது இப்படி. பின்னர் பிரான்சின் லிப் நிறுவனத்திடமிருந்து வடிவம் வாங்கி, போருக்குப் பின் ‘பபேதா’ கடிகாரம் வந்தது. 1955-இல் சீனாவின் தியான்ஜின் நகரில் ஒரு சிறு குழு ஸ்விஸ் கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, அதே போல் ‘ஐந்து நட்சத்திரம்’ என்ற கைக்கடிகாரத்தைச் செய்தது. சீனாவின் முதல் கைக்கடிகாரம் அது. 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசனோடு கைகோத்துத் தொடங்கியது. அனுமதியோடு வாங்கியது, அனுமதியில்லாமல் பார்த்துச் செய்தது என்ற வேறுபாடு உண்டுதான். ஆயினும் இந்த நாடுகளில் எதுவும் கடிகாரத்தை வெற்றிடத்திலிருந்து கண்டுபிடிக்கவில்லை. எல்லாரும் இன்னொருவர் இயந்திரத்தில் தம் பெயரை எழுதித்தான் தொடங்கினார்கள். போலிக்காரர் செய்ததற்கு நேர் தலைகீழ்: அவர் தன் இயந்திரத்தில் இன்னொருவர் பெயரை எழுதினார்.

தியான்ஜின் தொழிற்சாலைதான் பின்னாளைய நகல் ஆர்வலர்களுக்கு ஒரு விசித்திரமான பரிசு கொடுத்தது. சீன விமானப்படைக்கு நொடி அளக்கும் கைக்கடிகாரம் வேண்டும் என்று 1961-இல் ‘திட்டம் 304’ தொடங்கியது. ஸ்விட்சர்லாந்தின் வீனஸ் நிறுவனம் தன் 175 என்ற இயந்திரத்தின் கருவிகளை விற்றுவிட முன்வந்தது, தியான்ஜின் வாங்கிக்கொண்டது. விமானிகளுக்குப் போய்ச் சேர்ந்த கடிகாரங்கள் சுமார் 1,400 மட்டுமே. நாற்பதாண்டு கழித்து, அதன் அழகில் மயங்கிய சேகரிப்பாளர்கள் அதே வடிவில் மறுபதிப்பு கேட்டார்கள். தொழிற்சாலையின் இன்றைய பெயர் சீகல். அந்த வீனஸ் இயந்திரத்தின் வாரிசு அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பாலேட்டு நிற டயல், நீல முட்கள், சிவப்பு நட்சத்திரம் கொண்ட ‘1963’ கடிகாரம் இப்படி மீண்டும் பிறந்தது. அதே இயந்திரத்தை வாங்கி வேறு பலரும் அதே டயலைப் போட்டு விற்கத் தொடங்க, இதில் எது மறுபதிப்பு, எது மறுபதிப்பின் நகல் என்று புதிதாக வாங்குகிறவர் தலையைச் சொறிகிறார். கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே மெஷின்.

சரி, கடை போட்டு ஏமாற்றும் நோக்கம் இல்லாமல், சொந்த மகிழ்ச்சிக்காக நகல் கட்டும் பழக்கம் எங்கே சூடுபிடித்தது? இதற்கு ஒரு கடிகாரத்தை மட்டும் கைகாட்டச் சொன்னால் பனேராயைக் காட்டலாம்.

ஃபிளாரன்ஸ் நகரத்துப் பனேராய் குடும்பம் இத்தாலியக் கடற்படைக்குக் கருவிகள் செய்து கொடுத்து வந்தது. நீருக்கடியில் இருட்டில் மணி பார்க்க வேண்டிய முக்குளிப்பு வீரர்களுக்காக 1936-இல் தொடங்கி அது ஒரு பெரிய கைக்கடிகாரத்தை உருவாக்கியது. 47 மில்லிமீட்டர் அகலம், தலையணை போன்ற கூடு, ரேடியம் பூசிய டயல். டயலே இரண்டு அடுக்கு: கீழ்த்தட்டில் ஒளிரும் பூச்சு, மேல்தட்டில் எண்கள் வெட்டி எடுத்த துளைகள். அந்தக் கூட்டையும் இயந்திரத்தையும் கொடுத்தது ரோலெக்ஸ். அந்த இயந்திரமும் ரோலெக்ஸ் தானே செய்ததில்லை, கோர்டேபேர் நிறுவனத்திடம் வாங்கியது. ஆக ‘ராடியோமிர்’ என்று டயலில் எழுதிய அசலுக்குள்ளேயே மூன்று பெயர்கள் ஒளிந்திருந்தன. 1950-களில் சாவித் திருகைப் பொத்திப் பிடிக்கும் பாலம் போன்ற ஒரு காப்பு வந்தது. ‘லூமினோர்’ என்ற அடுத்த கடிகாரத்தின் முகமே அதுதான். படைக்குப் போனவை சில நூறுகளே. வெளியில் யாருக்கும் தெரியாது.

1993-இல் முதல்முறையாக அது பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. ரோமில் ‘டேலைட்’ படப்பிடிப்புக்கு வந்த சில்வெஸ்டர் ஸ்டாலோன் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார்; நண்பர்களுக்கும் வாங்கிக் கொடுத்தார். 1997-இல் வான்டோம் குழுமம் பனேராயை விலைக்கு வாங்கியது. பழைய ரோலெக்ஸ் இயந்திரங்கள் கொஞ்சம் மிச்சம் கிடந்ததைக் கண்டெடுத்து, பிளாட்டினக் கூட்டில் போட்டு 60 கடிகாரங்களை மட்டும் வெளியிட்டார்கள். பழைய இயந்திரம், புதிய கூடு, பழைய முகம். வீட்டு மேசையில் ஒருவர் இதைச் செய்தால் அதற்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். பிறகு விலை ஏறியது, ஏறிக்கொண்டே போனது.

ஆசை பெருகி விலை எட்டாத இடத்தில் நகல் முளைப்பது வியப்பில்லை. பனேராயை வீட்டில் கட்ட முடிந்ததற்குக் காரணம் வேறு: அது அவ்வளவு எளிமையானது. தேதி கிடையாது. சில வகைகளில் நொடி முள்ளும் கிடையாது, இரண்டே முட்கள். அந்தப் பெரிய கூட்டை நிரப்ப நிறுவனமே போட்டது யூனிட்டாஸ் 6497 என்ற இயந்திரம். பாக்கெட் கடிகாரத்துக்காக 1950 வாக்கில் பிறந்தது, 36.6 மி.மீ. விட்டம், தினமும் சாவி கொடுக்க வேண்டும். கடிகாரப் பள்ளிகளில் மாணவர்கள் முதன்முதலாகப் பிரித்துப் பழகுவது இதைத்தான், பாகங்கள் பெரியவை என்பதால். இதன் காப்புரிமைக் காலமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. சீகல் இதை அப்படியே எஸ்.டி.36 என்ற பெயரில் செய்து சொற்ப விலைக்கு விற்றது. கூடு ஹாங்காங்கிலிருந்து, டயல் ஓரிடத்திலிருந்து, தோல்வார் இன்னோரிடத்திலிருந்து என்று வாங்கிக் கோத்தால் வேலை முடிந்தது. ஜூரா மலைக் கிராமத்தின் பழைய ஏற்பாடு தபால் பார்சலாக மாறி வீட்டு வாசலுக்கு வந்தது என்று சொல்லலாம்.

கோப்பது என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம், உட்கார்ந்தால் தெரியும். டயலின் பின்னால் நூலிழை தடிமனில் இரண்டு செப்புக் கால்கள் நிற்கும். அவை இயந்திரத்தின் துளைகளில் இறங்கி, பக்கத்துத் திருகாணிகளில் பிடிபட வேண்டும். முள்ளை அழுத்தும்போது கொஞ்சம் அதிகமானால் டயலில் தழும்பு விழும். கொஞ்சம் குறைந்தால் மணி முள்ளும் நிமிட முள்ளும் பன்னிரண்டு மணிக்கு ஒன்றையொன்று உரசி நிற்கும். சாவித் தண்டைக் கூட்டின் அளவுக்கு வெட்ட வேண்டும். தேவைக்கு மேல் வெட்டிவிட்டால் புதுத் தண்டு வாங்குவதைத் தவிர வழியில்லை; அனுபவசாலிகள் தண்டை ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்துக்கொள்வதன் ரகசியம் இது. கண்ணாடியை மூடியபின் டயலில் ஒரு தூசி தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ஒலியைக் கேட்டுத் துடிப்பை அளக்கும் கருவியில் வைத்து, ஒரு நாளைக்கு எத்தனை நொடி முந்துகிறது, பிந்துகிறது என்று பார்ப்பார்கள். இந்தக் கட்டத்தில் ஒரு நகல் ஆர்வலர் பழைய தெருமுனை வாட்ச் ரிப்பேர்க்காரருக்கு வெகு அருகில் வந்துவிடுகிறார்.

பெயர்ப் பிரச்சினை இங்கேயே அவர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு சாரார் டயலில் எதையும் எழுதுவதில்லை. வெறுமையான டயல், அசல் வடிவம், அவ்வளவுதான். இன்னொரு சாரார் எழுத்து இல்லாமல் முகம் நிறைவதில்லை என்று நினைக்கிறார்கள். எழுத்தின் தடிமன், இடைவெளி, அந்தந்த ஆண்டுக்குரிய மைநிறம் வரை ஒத்துப்போக வேண்டும் என்று மல்லுக்கட்டுகிறார்கள். விற்கமாட்டேன், என் கைக்கு மட்டும் என்பது அவர்கள் வாதம். அந்த நேர்மையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சங்கடம், கடிகாரம் மனிதனைவிட நீண்ட நாள் வாழும் என்பதில் இருக்கிறது. கட்டியவர் போனபின் மேசை இழுப்பறையைத் திறக்கும் வாரிசுக்கு எது எதுவென்று யார் சொல்வது?

பிரிட்டிஷ் கடற்படைக்காக 1970-களில் ரோலெக்ஸ் செய்து கொடுத்த சப்மரீனர் இதற்கு நல்ல உதாரணம். வாள் வடிவ முட்கள். டயலின் ஒளிப்பூச்சு டிரிட்டியம் என்பதைக் குறிக்க வட்டத்துக்குள் ஒரு ‘டி’. வார் கழன்று கடலுக்குள் போய்விடாதபடி கூட்டோடு பற்றவைத்த கம்பிகள். மொத்தம் ஆயிரத்துச் சொச்சம்தான். படையிலிருந்து ஏலத்தில் வெளியே வந்தபோது இவற்றின் அருமை யாருக்கும் தெரியவில்லை. சர்வீசுக்குக் கொடுத்தவர்களுக்குச் சாதாரண முட்களும் வளையமும் மாற்றித் தரப்பட்டன. பின்னர் விலை பறக்க, அதே கடிகாரங்களுக்கு வாள் முட்களைப் புதிதாகச் செய்து மாட்டி ‘மீட்டெடுத்தார்கள்’. பாதி அசலான அசலும், முழுக்கப் புதிதான நகலும் ஒரே பட்டறைப் பாகங்களை அணிந்து பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

ஜப்பானின் சைகோவைச் சுற்றி வளர்ந்த கூட்டம் இந்தத் தர்மசங்கடத்தை வேடிக்கையாகத் தாண்டிப் போனது. 1996-இல் வந்து 2019-இல் நின்றுபோன எஸ்.கே.எக்ஸ்.007 என்ற முக்குளிப்புக் கடிகாரம் மலிவானது, முரட்டுத்தனமானது, பிரித்துப் பழகத் தோதானது. அதன் சாவித் திருகு மூன்றாம் மணிக்கு எதிரே இல்லாமல் நான்கின் பக்கம் ஒதுங்கியிருக்கும். அதனால் மற்ற சைகோ டயல்களை இதில் மாட்டினால் கால்கள் இடம் மாறி நிற்கும். கால்களை நறுக்கி எறிந்துவிட்டு டயலை ஒட்டவைப்பார்கள். கையால் சாவி கொடுக்க வழியில்லாத அதன் 7எஸ்26 இயந்திரத்துக்குப் பதிலாக, சைகோ குழுமமே வெளியாருக்கு விற்கும் என்.எச்.35-ஐ மாற்றுவார்கள். இயந்திரத்தைக் கூச்சமில்லாமல் விற்கும் ஒரு பெரிய நிறுவனம் இருந்தால் பொழுதுபோக்கு எப்படிச் செழிக்கும் என்பதற்கு இது சாட்சி. ஸ்விஸ் பக்கம் நடந்தது நேர்மாறு. ஈ.டி.ஏ. நிறுவனம் தன் பாதி முடிந்த இயந்திரங்களை மற்றவர்களுக்கு விற்பதை நிறுத்தப் போவதாக 2002-இல் அறிவித்தது. நாட்டின் போட்டி ஆணையம் தலையிட வேண்டியதாயிற்று. அந்தப் பதற்றம்தான் ஈ.டி.ஏ. 2824-இன் அச்சு அசலான நகலைச் செலிட்டா செய்யவும், சீனாவில் சீகல் செய்யவும் சந்தை திறந்துவிட்டது. செலிட்டா இயந்திரம் இன்று மதிப்பான ஸ்விஸ் கடிகாரங்கள் பலவற்றுக்குள் ஓடுகிறது. அதை நகல் என்று யாரும் முணுமுணுப்பதில்லை.

நம் பக்கத்துக் கதை கொஞ்சம் சோகம் கலந்தது. கல்யாணத்துக்கும் முதல் சம்பளத்துக்கும் எச்.எம்.டி. என்று இருந்த தலைமுறை தமிழ்நாட்டிலும் உண்டு. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன் என்ற பெயர்கள் இன்னும் அந்த வீடுகளில் புழங்குகின்றன. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபின் பழைய கடிகாரங்களைத் தேடி வெளிநாட்டவரும் வந்தார்கள். மும்பைப் பட்டறைகள் சுறுசுறுப்பாயின. நைந்துபோன டயலைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடித்து, ஆரஞ்சு, பச்சை, ரத்தச் சிவப்பு என்று தொழிற்சாலை கனவிலும் காணாத நிறங்களில் ‘பைலட்’கள் பிறந்தன. கூடு ஒன்றினுடையது, முள் வேறொன்றினுடையது, மெஷின் இன்னொன்றினுடையது. சைகோவுக்கும் இதே சிகிச்சை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். கிண்டலில் நியாயம் இருக்கிறது, பழையது என்று சொல்லி விற்பதால். அதே சமயம் தட்டுமுட்டுச் சாமான்களிலிருந்து ஓடுகிற கடிகாரம் ஒன்றை எடுக்கத் தெரிந்த அந்தக் கைகளின் திறமையையும் மறுக்க முடியாது. பனேராய் நகல் கட்டும் ஐரோப்பியரிடம் இருப்பது வசதி. மும்பைக்காரரிடம் இருப்பது பிழைப்பு.

ஏழைப் பட்டறைதான் கலப்படம் செய்யும் என்று நினைத்தவர்களுக்கு 2021 நவம்பரில் ஜெனீவாவில் பதில் தயாரானது. ஃபிலிப்ஸ் ஏலத்தில், 1950-களின் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று வந்தது. கறுப்பு டயல் வெயிலில் வெளிறிக் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. அதிகபட்ச எதிர்பார்ப்பு 1,20,000 ஃபிராங்க். போன விலையோ 31 லட்சம் ஃபிராங்குக்கு மேல். வாங்கியது வேறு யாருமில்லை, ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-இல் உண்மை வெளிவந்தது: வெவ்வேறு பழைய கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய ஒட்டுக் கடிகாரம் அது, தன் முன்னாள் ஊழியர்களுக்கே அதில் பங்கு இருந்ததாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. பாகங்கள் பெரும்பாலும் ஒமேகா, டயலில் பெயரும் ஒமேகா. பொய்யாக இருந்தது அவை சேர்ந்து பிறந்தன என்ற கதை.

அதே ஒமேகா, தன் பழைய கடிகாரங்களை நகலெடுப்பதில் யாருக்கும் இளைத்ததில்லை. 1957-இன் மூன்று கடிகாரங்களை எக்ஸ்ரே போல உள்ளும் புறமும் ஸ்கேன் செய்து 2017-இல் அப்படியே மறுபதிப்பித்தது; புதிய ஒளிப்பூச்சுக்குப் பழுப்பேறிய நிறத்தைக் கலந்தது. நிலவில் நடந்த யூஜின் செர்னானின் கடிகாரத்தை அதே முறையில் அளந்து, கைவிட்டிருந்த 321 இயந்திரத்தை 2019-இல் உயிர்ப்பித்தது. 2022 மார்ச்சில் ஸ்வாட்சோடு சேர்ந்து அதே ஸ்பீட்மாஸ்டர் முகத்தை ஒருவகைப் பிளாஸ்டிக் கலவையில் வார்த்து 250 ஃபிராங்குக்கு விட்டபோது ஊர் ஊராக வரிசை நின்றது. இந்த விலைக்கு இந்த முகம் அதுவரை கள்ளச் சந்தையில்தான் கிடைத்து வந்தது.

நீதிமன்றங்களும் கடைசியில் பெயரைத்தான் பிடித்துக்கொண்டன. அமெரிக்காவின் கொலராடோவில் வார்ட்டிக் என்ற சிறு பட்டறை, தாத்தா காலத்து ஹாமில்டன் பாக்கெட் கடிகாரங்களின் இயந்திரத்தையும் டயலையும் எடுத்து, புதுக் கூட்டில் போட்டுக் கைக்கடிகாரமாக்கி விற்றது. ஹாமில்டன் பெயர் இன்று ஸ்வாட்ச் குழுமத்திடம் இருக்கிறது, வழக்கு வந்தது. பின்பக்கம் வார்ட்டிக் பெயர் பொறித்திருக்கிறது, பழைய பாகங்களைப் புதுப்பித்தது என்று விளம்பரமும் சொல்கிறது, யாரும் ஏமாற இடமில்லை என்று 2020-இல் தீர்ப்பு. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆமோதித்தது. டயலில் ‘ஹாமில்டன்’ அப்படியே இருக்கலாம்.

இன்னொரு வழக்கு வேறு விதமாக முடிந்தது. டெக்சாசில் பெக்கர்டைம் என்ற கடை விற்றவை பழைய ரோலெக்ஸ்கள். வைரம் பதித்து, டயலைப் புதுப்பித்து, வெளியார் செய்த வளையங்களை மாட்டிய ரோலெக்ஸ்கள். 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரோலெக்ஸ் பக்கம் நின்றது. இவ்வளவு மாற்றியபின் டயலில் அந்தப் பெயர் இருப்பது வாங்குகிறவரைக் குழப்பும். அசல் இல்லாத வளையத்தோடு அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று தடையையும் தெளிவாக்கியது. ஆனாலும் பெக்கர்டைம் சம்பாதித்த லாபத்தைக் கேட்ட ரோலெக்சுக்கு அது கிடைக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் தெரிந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு இவ்வளவு தாமதமாக வழக்குப் போட்டது ஏன் என்று நீதிபதிகள் கேட்டார்கள்.